பதினான்காவது கட்டம்

கிரிம்ஸ்பி
11 மார்ச் 2019

அன்புத் தங்கை ஹேசலுக்கு,

கிளினிஸ் எழுதுகிறேன். உறையின் மேல் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று தெரிந்தும் நீ இதைப் பிரித்திருக்கிறாய் என்றால் அதுவே எனக்குப் பெரிய விஷயம். பயப்படாதே, யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. ஐவி சித்தி முதியோர் விடுதியில் பிஸ்கட் நமுத்துப்போயிருக்கிறது என்று தினமும் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறார். அவருக்கு நீ அனுப்பும் கிறிஸ்துமஸ் அட்டையின் உறையிலிருந்துதான் உன் முகவரியை எடுத்தேன். அவருக்கு இப்போது கண் அவ்வளவாகத் தெரியாததால் அட்டைகளை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். உன் அட்டையில் என் பேர் இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு தடவை வாசிப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ஒரு தொகை வரவேண்டியிருக்கிறது. அங்கே நியூசிலாந்தில் இதெல்லாம் பேச்சிலேயே இருக்காது, ஆனால் இங்கே டி.வி.யைப் போட்டால் இதே விளம்பரம்தான். வேலை போனால் தவணையைத் தாங்களே கட்டுவதாகச் சொல்லி, பழைய கடன்களோடு சேர்த்துத் தலையில் கட்டிய இன்ஷூரன்ஸ் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், ஆகஸ்ட் இருபத்தொன்பதோடு கடைசி, அதற்கப்புறம் கேட்டால் கிடையாது. வாங்கித் தருகிறோம் என்று சொல்லிப் பாதியைச் சுருட்டிக்கொள்ளும் கம்பெனிகள் வேறு சாப்பிடும் நேரம் பார்த்து போன் செய்கின்றன. ட்ரெவர் அவர்களிடம், "நான் செத்து மூணு வருஷமாச்சு தம்பி, பொண்டாட்டிகிட்ட கேட்டுச் சொல்றேன், அவளும் செத்துட்டா"ன்னு சொல்லி வைத்துவிடுகிறார். என் புருஷன் மாறவே இல்லை. முட்டிதான் இரண்டும் போய்விட்டது.

நான் கவுன்டரில் இருந்த வின்ஸ்கில் கடையில் நீயும் நெவிலும் தவணையில் வாங்கினீர்களே, குழந்தை வண்டி, தொட்டில், துணி துவைக்கும் மெஷின், அந்தக் கணக்கில் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. சரி, கேள். 2003-ல் கடையை மூடியபோது பழைய கோப்புகளை எல்லாம் குப்பை வண்டியில் கொட்டினார்கள். உன் கோப்பை மட்டும் கோட்டுக்குள் வைத்து எடுத்துவந்தேன். எதற்கு என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க முடியாது. பரணில் பதினாறு வருடமாகக் கிடந்தது. கார்பன் நகல் இன்னும் அழியவில்லை.

அதை எடுத்துக்கொண்டு இலவச ஆலோசனை மையத்துக்குப் போனேன். அங்கே மிஸஸ் அக்ரில் என்று ஒரு அம்மா, என் வயதுதான், கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருப்பார். நெவில் பேரைக் காட்டி, "இவரு என்ன வேலைங்க?" என்று கேட்டார். மீன்பிடிப் படகில் டெக்கில் வேலை என்றேன். "சம்பளமா, பங்கா?" பங்குதான் என்றேன். மீன் விற்ற பணத்தில் செலவு போக மிச்சத்தை ஆளுக்கு இத்தனை என்று பிரிப்பதற்கு வேறு என்ன பேர். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பங்குன்னா சட்டப்படி சொந்தத் தொழில், கண்ணு. சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு இந்த இன்ஷூரன்ஸ் செல்லவே செல்லாது. முதல் நாள்லேர்ந்தே வெத்துக் காகிதத்துக்குப் பணம் கட்டியிருக்காங்க" என்றார்.

ஹேஸ், 'வேலையில் இருப்பவர்' என்ற இடத்தில் டிக் போட்டது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் நீயே சொல், மூன்று வாரம் வட கடலில் பனியில் நின்று வலை இழுக்கிறவனைச் சொந்தத் தொழில் செய்கிறவன் என்று நம் தெருவில் யாராவது சொல்வார்களா? சொந்தத் தொழில் என்றால் டாக்சி ஓட்டுகிறவன், ஜன்னல் துடைக்கிறவன். நம் ஊர்க்காரி எவளும் செய்திருக்கக்கூடிய தப்புத்தான் அது.

படிவத்தை முழுக்க நிரப்பிவிட்டேன். பதினான்காவது கட்டத்தில், விற்றவர் உங்களிடம் என்ன சொன்னார், அவர் பெயர் தெரிந்தால் எழுதவும் என்று கேட்டிருக்கிறார்கள். 'கவுன்டரில் இருந்த ஒரு பெண். பெயர் நினைவில்லை' என்று எழுதியிருக்கிறேன். கடையின் கணக்குகளை வாங்கிய வங்கிக்காரனுக்கு நம் வீட்டுக் கதை எதற்கு? கடைசிப் பக்கத்தில் நீயும் நெவிலும் கையெழுத்துப் போட்டு, கூட வைத்திருக்கும் உறையில் அனுப்பினால் போதும்.

லியானுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும் இல்லையா? அவள் குரல்கூட எனக்குத் தெரியாது. நெவில் கடலுக்குக் கிளம்பும் நாளில் நீ இன்னும் துணி துவைக்காமல்தான் இருக்கிறாயா? துவைத்தால் ஆளையே அலை அடித்துக்கொண்டு போய்விடும் என்று அம்மா சொல்லி வளர்த்தது எனக்கு இன்னும் போகவில்லை. ட்ரெவர் மளிகை வாங்கப் போனால்கூட மெஷினைப் போடக் கை வருவதில்லை. அங்கே நெல்சன் துறைமுகத்தில் இதையெல்லாம் யாரிடம் சொல்லிச் சிரிப்பாய் என்று நினைத்துக்கொள்வேன்.

எல்லோரும் சுகமாக இருங்கள்.

உன் அக்கா,
கிளினிஸ்


கிரிம்ஸ்பி
6 மே 2019

ஹேஸ்,

நீ அனுப்பிய உறை வந்தது. தபால்காரன் கையிலேயே நியூசிலாந்துத் தபால்தலையைப் பார்த்துவிட்டேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்று பிரித்தேன். ட்ரெவர் உள்ளேயிருந்து, "குளிரு உள்ள வருது, யாரு செத்தா?" என்று கத்தினார்.

உள்ளே கடிதம் இல்லை. படிவம் மட்டும். கையெழுத்து இல்லை. பதினான்காவது கட்டத்தில் நான் எழுதியிருந்ததன் மேல் ஒரு கோடு. காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்டிருக்கிறாய்.

இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். நல்லது செய்யப் போனால் இதுதான் என்று ட்ரெவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "பேரு ஞாபகமில்லையா? ஏண்டி, நீதானே வித்தே?" என்றார். அவ்வளவுதான் சொன்னார், புறாக்களுக்குத் தீனி வைக்கப் போய்விட்டார். நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

போன கடிதத்தில் எழுதியது பொய். தெரியாமல் செய்த தப்பு என்றேனே, அது. எனக்குத் தெரியும், ஹேஸ். அப்பாவும் பங்குக்குத்தானே கடலுக்குப் போனார்? நலிந்த வருடங்களில் அம்மா அரசாங்க ஆபீசுக்கு நடந்து நடந்து, பங்குக்காரருக்கு இது கிடையாது அது கிடையாது என்று கேட்டுவிட்டு வந்தது நம் இருவருக்கும் தெரிந்ததுதானே? அது போதாது என்று மேனேஜர் கட்ஃபோர்த் எங்களுக்கு ஒரு வகுப்பே எடுத்தார். இந்த ஊரில் பாதிப் பேர் பங்குக்காரர்கள், அவர்களுக்கு இது செல்லாது என்று வாய்விட்டே சொன்னார். சொல்லிவிட்டு, "அதனால யாரையும் கேக்காதீங்க. கேட்டாத்தானே தெரியும்? தெரிஞ்சாத்தானே தப்பு?" என்றார். நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கடை ஆட்கள் சாப்பிடும் அறையில் ஒரு பலகை இருந்தது. யார் எத்தனை இன்ஷூரன்ஸ் சேர்த்தார்கள் என்று ஒவ்வொரு பேருக்கும் எதிரே பொன் நட்சத்திரம் ஒட்டுவார்கள். நீ தவணையில் வாங்கிய வருடம் ஜூலையில் என் பேருக்கு எதிரே இருந்ததில் ஒன்று நீ. அந்த மாதம் எனக்கு ஒரு கூடை கொடுத்தார்கள், ஷெர்ரி ஒயின், பன்றித்தொடை, பழக் கேக். கேக்கை உன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீயும் நானும்தான் சாப்பிட்டோம். நீ ஏழு மாதம், வயிற்றின் மேல் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டாய்.

குழந்தை வண்டியை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. "பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி வண்டி வாசப்படி ஏறக் கூடாது" என்று அம்மா ஒரே பிடிவாதம். கடையிலேயே, மாடிக் கிடங்கில், உன் பேர் எழுதிய அட்டையைக் கட்டி வைத்திருந்தேன். வியாழக்கிழமை மதியம் நீ வருவாய். கடை ஆட்கள் மட்டும் போகும் படியில் உன்னை ஏற்றிக் கூட்டிப் போவேன். கரு நீலம், வெள்ளைச் சக்கரம். நீ அதைத் தொடக்கூட மாட்டாய், பார்த்துவிட்டு, "இன்னும் இருக்குல்ல?" என்பாய். "இல்ல, நேத்துத்தான் லண்டன் ராணி வந்து எடுத்துட்டுப் போனாங்க" என்பேன். அந்தப் படியில் உன் மூச்சு வாங்கும் சத்தம் இன்றைக்கும் எனக்குக் காதில் கேட்கிறது. இருபத்து மூன்று வருடத்தில் அந்த வியாழக்கிழமைகளைப் போல வேறு எதற்கும் நான் ஏங்கியதில்லை.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். மீன்பிடிப்பைக் குறைக்கவென்று படகுகளை உடைக்க அரசாங்கம் பணம் கொடுத்தது, நெவிலின் படகும் உடைபட்டது, பணம் முதலாளிக்குப் போனது, டெக்கில் நின்றவர்களுக்கு ஒரு பென்னி இல்லை. தவணைச் சீட்டில் இன்ஷூரன்ஸ் என்று இருந்ததைப் பார்த்து நீ மட்டும் தைரியமாக இருந்தாய். "கிளின் போட்டுவெச்சிருக்கா, பாத்துக்கலாம்"னு நெவிலிடம் நீ சொன்னதை அம்மா எனக்குச் சொன்னார். செல்லாது என்று கடிதம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு நேரே என் கவுன்டருக்கு வந்தாய். மற்றவர்களோடு வரிசையில் நின்றாய். குழந்தை தோளில். கட்ஃபோர்த் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

உன்னிடம் நான் என்ன சொன்னேன் என்று இதுவரை ட்ரெவருக்குக்கூடச் சொன்னதில்லை. "மேடம், இதுக்கு நீங்க தலைமை அலுவலகத்துக்குத்தான் எழுதணும்" என்றேன். என் கூடப் பிறந்தவளைப் பார்த்து மேடம் என்றேன். நீ குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாய், போய்விட்டாய். வேலை போய்விடும் என்று பயந்தேன். அதுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. வேலை போகவில்லை. இன்னும் ஏழு வருடம் அதே கவுன்டரில் இருந்தேன்.

புதிய படிவம் வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் நிரப்பியாகிவிட்டது. பதினான்கும் அதற்கு அடுத்த கடைசிக் கட்டமும் காலி. அதை நீயே எழுது. என் பேரை எழுது. எனக்காக எதையும் குறைத்து எழுதாதே. பணத்தை நீ வாங்க வேண்டும், ஹேஸ். அது உன்னுடையது, உன்னிடமிருந்து எடுத்தது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ என்னைத் திட்டி எழுதினாலும் அது உன் கையெழுத்தாக இருக்கும். கிறிஸ்துமஸ் அட்டையில் நாலு வார்த்தைக்கு மேல் உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது.

நெவிலைக் கேட்டதாகச் சொல். லியானுக்கு என் முத்தம், அவளுக்கு வேண்டுமானால்.

கிளினிஸ்


கிரிம்ஸ்பி
15 ஜூலை 2019

என் ஹேசலுக்கு,

வெள்ளிக்கிழமை படிவம் வந்து சேர்ந்தது. உன் கையெழுத்தும் நெவில் கையெழுத்தும் இருந்தன. இந்தத் தடவையும் கடிதம் இல்லை. படிவத்தில் நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகு தனியாகக் கடிதம் எதற்கு என்று தோன்றியது.

வீட்டில் படிக்கத் தைரியம் வரவில்லை. அப்படியே மிஸஸ் அக்ரிலிடம் எடுத்துப் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினான்காவது கட்டத்தைச் சத்தமாக வாசித்தார். அவருக்கு அது வழக்கம், தப்பு இருந்தால் காதில் விழும் என்பார். நீ எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன், நான் முழுதாகப் படித்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்:

'விற்றவர் பெயர் கிளினிஸ். அவர் என் அக்கா. இன்ஷூரன்ஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அக்கா நீட்டிய காகிதத்தை யார் படித்துப் பார்ப்பார்கள்? பணம் கட்ட முடியாமல் போனதும் மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கடை வண்டி வந்தது. ஆட்கள் உள்ளே வரக் கூடாது என்று நானே எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு விடுமுறை. அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டும்வரை வாசலில் நின்றேன். அக்கா வரவில்லை.'

மிஸஸ் அக்ரில் நிறுத்தினார். "பாவம், இந்தப் பொண்ணு. அந்த அக்கா இப்போ எங்க இருக்காங்களாம்?" என்று கேட்டார்.

"இங்கதாங்க. நான்தான்" என்றேன்.

அவர் படிவத்தைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "டீ போடட்டுமா, கண்ணு?" என்று மட்டும் கேட்டார். எழுந்து போய், பாலும் நிறையச் சர்க்கரையும் போட்டுக் கொண்டுவந்தார். நான் சர்க்கரை விட்டுப் பத்து வருடமாகிறது. முழுவதையும் குடித்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன், ஹேஸ். வண்டி எந்தெந்த வீட்டுக்குப் போகிறது என்ற பட்டியல் முந்தைய வெள்ளிக்கிழமையே என் மேசைக்கு வந்துவிட்டது. உன் விலாசம் மூன்றாவது. உனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவு வரை வந்தேன். உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. கோட்டோடு மாடிப்படியில் உட்கார்ந்தேன். ட்ரெவர் வேலை முடிந்து வந்தபோதும் அங்கேயேதான் இருந்தேன். இதைச் சொல்வதால் நீ மன்னிக்க வேண்டும் என்று இல்லை. நீ இருட்டும்வரை நின்றாய் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. பொருளை எடுத்துப் போனதற்காக, அந்த இன்ஷூரன்ஸுக்காக, மேடம் என்றதற்காக என் மேல் கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்னை எதிர்பார்த்து நின்றிருப்பாய் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அன்றைக்கும் உனக்கு நான் வேண்டியிருந்தேன் என்று இப்போது படிக்கிறேன். சந்தோஷமாகவும் இருக்கிறது, நெஞ்சும் வெடித்துவிடும் போல இருக்கிறது.

படிவத்தில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. நேற்று முன்தினம் மிஸஸ் அக்ரிலே பதிவுத் தபாலில் வங்கிக்கு அனுப்பிவிட்டார், ரசீது என்னிடம் இருக்கிறது. எட்டு வாரம் ஆகுமாம். அவர்கள் என்னை விசாரித்தால் ஆமாம், தெரிந்தே செய்தேன் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்ல கட்ஃபோர்த்தின் அனுமதி இனி வேண்டாம், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பணம் உன் கணக்குக்கே நேராக வரும். அதில் நெவிலுக்கு நல்லதாக ஒரு மழைக்கோட்டு வாங்கிக் கொடு.

கடைசிக் கட்டத்துக்கு வருகிறேன். இதைச் சரிசெய்ய நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். எல்லோரும் அங்கே பணத்தை வட்டியோடு கொடுங்கள் என்று எழுதுவார்களாம். நீ, 'அது உங்களால் முடியாது' என்று எழுதியிருக்கிறாய். இது வங்கிக்குப் புரியாது, ஆனால் அழிக்கவும் வேண்டாம் என்றார் மிஸஸ் அக்ரில். அதை அவர்களுக்காக நீ எழுதவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அல்லது எனக்கு அப்படி நினைத்துக்கொள்ள ஆசை.

வங்கியால் முடியாதுதான். என்னால் முடியுமா என்றும் தெரியவில்லை. நான் இந்த ஐம்பத்தெட்டு வயதுவரை விமானத்தில் ஏறியதில்லை. போன கடிதம் போட்ட கையோடு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன், வந்துவிட்டது. படத்தில் திருடி மாதிரி இருக்கிறேன் என்கிறார் ட்ரெவர். "போய்த் தொலை, என் முட்டி வராது, புறாவை யாரு பாக்கறது" என்றும் சொல்லிவிட்டார். சேமிப்பில் பணம் இருக்கிறது. டிக்கெட் மட்டும் வாங்கவில்லை. உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தில் நான் ஒருமுறை முடிவு செய்தது போதும்.

கடவுள் உன்னையும் உன் வீட்டையும் நெவில் போகும் கடலையும் நல்லபடியாக வைக்கட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது, உன் கையால் வரும் பதில் எதுவானாலும் வாங்கிக்கொள்வேன். நான் வருவதற்கு இருபத்து மூன்று வருடம் தாமதமாகிவிட்டது. இப்போது வரட்டுமா, ஹேஸ்?

கிளின்